அணை அங்கே, சுவிட்ச் இங்கே: அப்காசியாவின் கதை

காக்கசஸ் மலையிலிருந்து கருங்கடலுக்கு இறங்கும் எங்குரி ஆற்றின் குறுக்கே 271 மீட்டர் உயரத்தில் ஒரு அணை நிற்கிறது. சோவியத் ஆட்சியில் 1961ல் வேலை தொடங்கி, 1978ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய அணை. அணையும் நீர்த்தேக்கமும் ஜார்ஜியா அரசின் கையில். அங்கிருந்து மலையைக் குடைந்த 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் தண்ணீர் ஓடிவந்து, ஐந்து டர்பைன்களைச் சுற்றுகிறது. மொத்தம் 1,300 மெகாவாட். டர்பைன்கள் இருக்கும் மின்நிலையம் மட்டும், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து தனிநாடு என்று அறிவித்துக்கொண்ட அப்காசியாவின் கையில். கட்டிய காலத்தில் இரண்டு இடமும் ஒரே குடியரசுக்குள் இருந்தன. நடுவில் ஒருநாள் ராணுவம் நிற்கும் என்று எந்த இன்ஜினியர் கணக்குப் போட்டிருப்பார்?

1993ல் போர் முடிந்தபோது நிலைமை இதுதான்: ஒருவரிடம் தண்ணீர், இன்னொருவரிடம் டர்பைன். மின்சாரத்தில் 60 சதவீதம் ஜார்ஜியாவுக்கு, 40 சதவீதம் அப்காசியாவுக்கு என்று ஓர் ஏற்பாடு வந்தது. இதற்குக் கையெழுத்திட்ட முறையான ஒப்பந்தம் கிடையாது. கையெழுத்துப் போட்டால் எதிரே இருப்பவரையும் ஓர் அரசு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஜார்ஜியாவின் பயம். ஆகவே வாய்ப்பேச்சிலேயே முப்பது வருடம் ஓடிவிட்டது. 2008ல் மறுபடி போர் வந்தது, இந்த ஏற்பாடு உடையவில்லை.

தனிநாடு என்று அறிவித்துக்கொண்டு, எல்லா நாடுகளின் அங்கீகாரமும் கிடைக்காமல் வாழும் அரசுகள் உலகில் பல உண்டு. கொசோவோ, வட சைப்ரஸ் என்று பட்டியல் நீளும். அப்காசியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கீகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இது மற்றவற்றைவிடத் தெளிவாகக் காட்டுகிறது என்பதுதான். அங்கீகாரம் இல்லாத 15 வருடங்களில் அப்காஸ் தலைவர்கள் மாஸ்கோவிடம் முரண்டு பிடிக்க முடிந்தது. அங்கீகாரம் வந்த பிறகு அதே வேலைக்கு நாடாளுமன்றத்தின் கம்பிவேலியை உடைக்க வேண்டியிருந்தது.

சொந்த ஊரில் சிறுபான்மை

சுமார் 8,600 சதுர கிலோமீட்டர் நிலம். வடமேற்கே ப்சோ ஆறு, அதைத் தாண்டினால் ரஷ்யாவின் சோச்சி. தென்கிழக்கே எங்குரி, அதைத் தாண்டினால் ஜார்ஜியா. நடுவில் ஆரஞ்சுத் தோப்புகளும், சோவியத் தலைவர்கள் ஓய்வெடுத்த மாளிகைகளும், சுகுமி என்ற தலைநகரமும்.

அப்காஸ் மக்களின் மொழி வடமேற்குக் காக்கசஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜார்ஜிய மொழிக்கும் அதற்கும் உறவில்லை. 1810ல் ரஷ்யப் பேரரசின் கீழ் வந்த இந்தச் சிற்றரசை 1864ல் ஜார் அரசு ஒரேயடியாகக் கலைத்தது. அதைத் தொடர்ந்த கிளர்ச்சிகள், அப்புறம் 1877-78 ரஷ்ய-துருக்கிப் போர் என்று அலை அலையாக அப்காஸ் மக்கள் ஒட்டோமான் பேரரசுக்குத் துரத்தப்பட்டார்கள். காலியான கிராமங்களில் மேற்கு ஜார்ஜியாவின் மிங்ரேலியர், ஆர்மீனியர், கிரேக்கர், ரஷ்யர் குடியேறினார்கள்.  எண்ணிக்கையில் தாங்கள் சுருங்கிவிட்டோம் என்ற அச்சம் அப்காஸ் மக்களுக்கு அப்போது வந்து இன்றுவரை போகவில்லை.

சோவியத் ஆட்சி அந்த அச்சத்தைத் தணிக்கவும் செய்தது, கிளறவும் செய்தது. 1921ல் அப்காசியா தனிச் சோவியத் குடியரசாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜார்ஜியாவுடன் ஒப்பந்தம் மூலம் இணைந்தது. 1931ல் ஸ்டாலின் காலத்தில் ஜார்ஜியாவுக்குள் ஒரு தன்னாட்சிக் குடியரசாக இறக்கப்பட்டது. அப்காசியாவின் தலைவராக இருந்த நெஸ்தர் லாகோபா 1936 டிசம்பரில் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குப் போனார், அங்கே கட்சித் தலைவராக இருந்த பேரியாவோடு சாப்பிட்டார், அன்றிரவே செத்தார். விஷம் வைத்தார்கள் என்பதுதான் பரவலான நம்பிக்கை. அடுத்த வருடங்களில் அப்காஸ் எழுத்துமுறை ஜார்ஜிய எழுத்துக்கு மாற்றப்பட்டது. 1940களின் நடுவில் அப்காஸ் மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. ஜார்ஜியாவின் உட்பகுதிகளிலிருந்து குடியானவர்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். ஸ்டாலின் இறந்த பிறகு இவற்றில் பல திருத்தப்பட்டன. ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகத் தெருவில் இறங்கி மாஸ்கோவிடம் முறையிடும் பழக்கம் அப்காஸ் மக்களுக்கு நிலைத்துவிட்டது. 1978 போராட்டத்தின் பலன் சுகுமியில் ஒரு பல்கலைக்கழகம்.

1989 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 5,25,000. அதில் அப்காஸ் மக்கள் 18 சதவீதத்துக்கும் குறைவு. ஜார்ஜியர் கிட்டத்தட்ட 46 சதவீதம். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் இரண்டு தரப்பும் இன்றுவரை வாதாடுகின்றன. ஜார்ஜியர் கேட்பது: ஐந்தில் ஒருவர்கூட இல்லாதவர்கள் நாட்டைப் பிரித்துக்கொண்டு போவது என்ன நியாயம்? அப்காஸ் மக்கள் கேட்பது: எங்களை ஐந்தில் ஒருவராக ஆக்கியது யார்? இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விகள்தான். அதுதான் சிக்கலே.

பதின்மூன்று மாதப் போர்

சோவியத் யூனியன் உடைந்ததும் ஜார்ஜியா தன் பழைய 1921 அரசியல் சட்டத்துக்குத் திரும்பியது. அதற்குப் பதிலடியாக 1992 ஜூலையில் அப்காசியாவின் அவை தன்னுடைய 1925 அரசியல் சட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. ஆகஸ்ட் 14 அன்று, தெங்கிஸ் கித்தோவானி தலைமையில் ஜார்ஜியாவின் தேசியக் காவல்படை சுகுமிக்குள் நுழைந்தது. ரயில்பாதையைக் காப்பாற்ற வந்தோம் என்றார்கள். கடற்கரையில் அப்போதும் கோடைப் பயணிகள் இருந்தார்கள். அப்காஸ் தலைமை வடக்கே குடவுதாவுக்குப் பின்வாங்கியது. தலைவர் விளாதிஸ்லாவ் அர்ட்சின்பா, தொழிலால் ஹிட்டைட் என்ற பண்டைய நாகரிகத்தின் ஆய்வாளர்.

ஜார்ஜியப் படைகளின் கட்டுப்பாட்டில் சுகுமி இருந்தபோது, 1992 அக்டோபர் 22 அன்று அப்காசியாவின் அரசு ஆவணக்காப்பகம் எரிந்தது. மொழி, இலக்கிய, வரலாற்று ஆய்வு நிறுவனமும் எரிந்தது. ஒரு சிறிய இனத்துக்கு அது எப்படிப்பட்ட இழப்பு என்பதை நூலகம் எரியக் கண்ட தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. சுகுமியில் இன்றைக்கும் அப்காஸ் தரப்பு போரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது முதலில் சொல்வது இந்தத் தீயைத்தான்.

போரின் திசையை மாற்றியவர்கள் வடகாக்கசஸிலிருந்து வந்த தொண்டர்படைகள். பின்னாளில் ரஷ்யாவுக்கே சிம்மசொப்பனமாக இருந்த செச்சென் தளபதி ஷமில் பசாயேவும் அவர்களில் ஒருவர். ரஷ்ய ராணுவத்தின் சில பிரிவுகளும் மறைமுகமாக உதவின. 1993 ஜூலையில் போர்நிறுத்தம் வந்து ஜார்ஜியா கனரக ஆயுதங்களை விலக்கிக்கொண்டது. செப்டம்பரில் அப்காஸ் தரப்பு அதை முறித்துத் தாக்கியது. செப்டம்பர் 27 அன்று சுகுமி விழுந்தது. ஜார்ஜியத் தலைவர் செவர்த்நாட்சே கடைசிவரை நகரத்தில் இருந்துவிட்டுத் தப்பினார்.

அதற்குப் பிறகு நடந்தது இன அழிப்புக்கு நிகரான வெளியேற்றம். இரண்டு லட்சத்துக்கும் மேலான ஜார்ஜியர் ஊரை விட்டு ஓடினார்கள். கோதோரிப் பள்ளத்தாக்கின் பனிக் கணவாய் வழியாக நடந்தவர்களில் பலர் குளிரில் இறந்தார்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு 1994, 1996, 1999 உச்சி மாநாடுகளின் ஆவணங்களில் இதை இனச் சுத்திகரிப்பு என்றே பதிவு செய்தது. போரின்போது இரண்டு தரப்பும் கொடுமை செய்தன. போர் முடிந்தபோது ஊரில் யார் மிச்சம் என்பதில்தான் முடிவு ஒருதலையாக இருந்தது. 2011ல் அப்காஸ் அதிகாரிகளே எடுத்த கணக்கில் மொத்தம் சுமார் 2,40,000 பேர். அப்காஸ் மக்கள் பாதிக்குச் சற்று மேல்.

ஆரஞ்சும் வாக்குச்சீட்டும்

1994ல் மாஸ்கோ ஒப்பந்தம். ரஷ்ய வீரர்கள் அமைதிப்படை என்ற பெயரில் எங்குரிக் கரையில் நின்றார்கள். ஐ.நா. பார்வையாளர்கள் வந்தார்கள். 1996ல் சோவியத்தின் வாரிசு நாடுகள் கூடி அப்காசியாவுக்குப் பொருளாதாரத் தடை போட்டன. ரஷ்யாவும் அதில் சேர்த்தி. 1999 அக்டோபரில் அப்காசியா முறைப்படி சுதந்திர அறிவிப்பு செய்தது. ஒரு நாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாட்களைப் பற்றிய ஒரு சம்பவம் எனக்குப் பிடிக்கும். 2004 அக்டோபரில் அதிபர் தேர்தல். மாஸ்கோ வெளிப்படையாக ஆதரித்த வேட்பாளர் ரவுல் கஜிம்பா. எதிரே நின்றவர் செர்கேய் பகாப்ஷ், எங்குரியின் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மின்சாரக் கம்பெனியின் தலைவர். பகாப்ஷ் வென்றார். கஜிம்பா தரப்பு முடிவை ஏற்க மறுத்து இழுபறி. டிசம்பர் வந்தது. டிசம்பர் என்றால் அப்காசியாவில் மாண்டரின் ஆரஞ்சு அறுவடை. புத்தாண்டுக்கு ரஷ்யர்களின் மேசையில் மாண்டரின் இருந்தே ஆக வேண்டும். அந்த விற்பனையில்தான் கிராமத்துக் குடும்பங்கள் குளிர்காலத்தை ஓட்டும். ரஷ்யா ப்சோ எல்லையில் ஆரஞ்சு வண்டிகளை நிறுத்தியது, சோச்சி-சுகுமி ரயிலையும் நிறுத்தியது. கடைசியில் ஒரு சமரசம்: பகாப்ஷ் அதிபர், கஜிம்பா துணை அதிபர், மறுதேர்தல். 2005 ஜனவரியில் அதுவும் முடிந்தது.

ஆக, அங்கீகாரமே இல்லாத காலத்திலும் அங்கே தேர்தல் உண்மையான தேர்தலாக இருந்தது, பெரியண்ணனின் ஆள் தோற்க முடிந்தது. அதே நேரம், எல்லைக் கேட்டை மூடினால் போதும், பேரம் படிந்துவிடும் என்பதும் மாஸ்கோவுக்குத் தெரிந்துவிட்டது.

அங்கீகாரம் வந்தது

2008 பிப்ரவரியில் கொசோவோ விடுதலை அறிவித்து மேற்கு நாடுகள் ஏற்றுக்கொண்டதும் ரஷ்யா தன் ஆட்டத்தை மாற்றியது. மார்ச்சில் 1996 தடையிலிருந்து விலகியது. 2002 முதலே அப்காசியர் பெரும்பாலோருக்கு ரஷ்யப் பாஸ்போர்ட் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த இன்னொரு பகுதியான தெற்கு ஒசேத்தியாவில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் ஐந்து நாள் போர். ஆகஸ்ட் 26 அன்று ரஷ்ய அதிபர் மெத்வதேவ் இரண்டு பகுதிகளையும் தனிநாடுகளாக அங்கீகரித்தார். சுகுமியில் அன்றிரவு வானத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடினார்கள்.

அடுத்து நிக்கராகுவா, வெனிசுவேலா. 2009 டிசம்பரில் நவ்ரு, 21 சதுர கிலோமீட்டர் பசிபிக் தீவு. 2011ல் இன்னொரு தீவான வனுவாட்டு. அங்கே ஒரு கூத்து நடந்தது: வெளியுறவு அமைச்சர் ‘அங்கீகரித்துவிட்டோம்’ என்றார், அந்நாட்டின் ஐ.நா. தூதர் ‘இல்லவே இல்லை’ என்றார். கடைசியில் 2013ல் ஜார்ஜியாவோடு உறவு வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை மூடினார்கள். துவாலுவும் 2011ல் சேர்ந்து 2014ல் விலகியது. 2018ல் அசாத்தின் சிரியா அங்கீகரித்தது. அந்த ஆட்சி 2024 டிசம்பரில் கவிழ்ந்தது.

யார் அங்கீகரிக்கவில்லை என்பது இதைவிட முக்கியம். சீனா இல்லை, இந்தியா இல்லை, கஜகஸ்தான் இல்லை. ரஷ்யாவின் நெருங்கிய கூட்டாளி பெலாரஸ்கூட இல்லை. அதன் அதிபர் லூகசென்கோ 2022ல் அப்காசியாவுக்கே வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அங்கீகாரம் மட்டும் தரவில்லை.

அதனால் அப்காசியாவுக்கு வெளியுலகக் கதவு என்று இருப்பது ஒன்றுதான், அது ப்சோ பாலம். நாணயம் ரூபிள். ஓய்வூதியத்தில் பெரும்பங்கு ரஷ்யாவின் காசு. குடவுதாவில் ரஷ்ய ராணுவத்தளம், 2010 ஒப்பந்தப்படி 49 வருடத்துக்கு. எங்குரிக் கரையில் ரஷ்ய எல்லைக்காவல். ஐ.நா. பார்வையாளர் குழுவை நீட்டிக்க விடாமல் 2009ல் ரஷ்யா வீட்டோ போட்டதால் அதுவும் போய்விட்டது. அப்காஸ் பாஸ்போர்ட்டில் பெரும்பாலான நாடுகள் விசா குத்தாது. வெளிநாடு போக ரஷ்யப் பாஸ்போர்ட்தான். ஒரே ஒரு பெரிய நாடு மட்டும் அங்கீகரிப்பது, ஒரே ஒரு கடையில் மட்டும் கணக்கு வைத்திருப்பது போல. கடைக்காரர் சொன்னதுதான் விலை.

நிலத்தில் மட்டும் கை வைக்காதே

ஆனால் கதை ‘ரஷ்யாவின் பொம்மை அரசு’ என்பதோடு முடியவில்லை. திபிலிசியில் எழுதப்படும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அப்காஸ் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே வீடோ நிலமோ வாங்க முடியாது. அந்த வெளிநாட்டவரில் ரஷ்யரும் அடக்கம். சோச்சிக்குப் பக்கத்தில், மலிவான கடற்கரை நிலம். திறந்துவிட்டால் சில வருடங்களில் அப்காஸ் மக்கள் மறுபடி சொந்த ஊரில் சிறுபான்மை. 1989ன் அந்த 18 சதவீதத்தை யாரும் மறக்கவில்லை.

பித்சுந்தா என்ற கடற்கரை ஊரில் பழைய சோவியத் அரசு மாளிகை வளாகத்தை ரஷ்யாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 2022ல் போடப்பட்டு, எதிர்ப்புக்கு நடுவே 2023 டிசம்பர் இறுதியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வெளிநாட்டவருக்கு அடுக்குமாடி வீடுகள் விற்க வழிசெய்யும் மசோதாவை 2024 ஜூலையில் அரசு திரும்பப் பெற்றது. செப்டம்பரில் ரஷ்யா பட்ஜெட் உதவியை நிறுத்தியது. அக்டோபர் 30 அன்று மாஸ்கோவில் ரஷ்ய முதலீட்டாளர்களுக்குச் சலுகை தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 15 அன்று அதை ஏற்க நாடாளுமன்றம் கூடியபோது, மக்கள் லாரியை வைத்துக் கட்டடத்தின் கம்பிவேலியைப் பெயர்த்தெடுத்து உள்ளே புகுந்தார்கள். அதிபர் அஸ்லான் ப்ஷானியா சொந்த ஊருக்குப் போய், நவம்பர் 19 அன்று பதவி விலகினார். டிசம்பர் 3 அன்று நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 2014ல் அங்க்வாப், 2020ல் கஜிம்பா, இப்போது ப்ஷானியா. பத்து வருடத்தில் தெருவுக்குப் பயந்து பதவியை விட்ட மூன்றாவது அதிபர் இவர்.

போராடியவர்கள் ரஷ்யாவுக்கு எதிரிகள் அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பலர் ரஷ்யக் கொடியைக்கூடப் பிடித்திருந்தார்கள். அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. ஜார்ஜியாவிடமிருந்து காக்க ரஷ்யா வேண்டும், ரஷ்யாவிடமிருந்து காக்கத் தங்கள் சட்டம் வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன.

விலை உடனே வந்தது, மின்சாரமாக. அப்காசியாவில் குழாய் எரிவாயு வசதி இல்லை. குளிருக்கு விறகு, இல்லாவிட்டால் மின்சார ஹீட்டர். யூனிட் 40 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்) என்று பல வருடம் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்ததில் கிரிப்டோ நாணயச் சுரங்கக்காரர்கள் ஷெட்டு ஷெட்டாக மெஷின்களை ஓட்டினார்கள். 2020 இறுதியில் தடை போட்டும் ரகசியமாகத் தொடர்ந்தது. எங்குரியில் தண்ணீர் பனி உருகும் கோடையில்தான் பெருகும், குளிர்காலத்தில் வற்றும். மற்ற வருடங்களில் பற்றாக்குறையை ரஷ்ய மின்சாரம் நிரப்பும். 2024ல் அதை வாங்கக் காசில்லை. டிசம்பரில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்கூட மின்சாரம் இல்லை, பள்ளிகள் மூடப்பட்டன. கிரிப்டோ தடையை விவாதித்த நாடாளுமன்றத்திலேயே டிசம்பர் 19 அன்று ஓர் உறுப்பினர் இன்னொரு உறுப்பினரைச் சுட்டுக் கொன்றார். டிசம்பர் 23 முதல் ரஷ்யா மனிதாபிமான உதவி என்ற பெயரில் மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. 2025 மார்ச் 1 அன்று இரண்டாம் சுற்றுத் தேர்தலில் மாஸ்கோவுக்கு ஏற்புடைய பத்ரா குன்பா வென்றார். மே 1 முதல் சுகுமிக்கு மாஸ்கோவிலிருந்து விமானம்.

பாலத்தின் இந்தப் பக்கம்

இதில் யாருக்கும் கணக்கில் வராதவர்கள் கலி மாவட்டத்தின் ஜார்ஜியர்கள். எங்குரியை ஒட்டிய அந்த மாவட்டத்துக்கு மட்டும் 1990களின் பின்பாதியில் பல்லாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். ஹேசல்நட் தோட்டம்தான் பிழைப்பு. மருத்துவமனைக்கும், ஜார்ஜிய அரசு தரும் உதவித்தொகைக்கும், சந்தைக்கும் எங்குரிப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம். பல வருடம் கிழவிகள் மூட்டைகளோடு குதிரைவண்டியில் கடந்தார்கள். 2017ல் பல கடவைகள் மூடப்பட்டதால், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் கிராமத்துக்குப் போகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. இதே காலத்தில் இவர்களில் பெரும்பாலோரின் அப்காஸ் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு, வெளிநாட்டவருக்கான வசிப்பிட அனுமதி அட்டை கொடுக்கப்பட்டது. பிறந்த ஊரில் வெளிநாட்டவர்! பள்ளிகளில் ஜார்ஜிய மொழி வழிக் கல்வி 2015 முதல் படிப்படியாக ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டது. அப்காஸ் பள்ளிகளை மூடிய 1940களை மறக்காதவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

சட்டப்படி அப்காசியா எங்கே நிற்கிறது? நிரந்தர மக்கள், எல்லை, அரசு, வெளியுறவு கொள்ளும் திறன் என்று 1933 மொண்டேவிடேயோ மாநாடு சொன்ன நான்கு அடையாளத்தில் முதல் மூன்றும் ஏதோ ஒரு வகையில் உண்டு, நான்காவது இழுபறி என்பார்கள். எனக்கு இரண்டாவதிலும் மூன்றாவதிலும்கூடச் சந்தேகம் உண்டு. எல்லையைக் காப்பவர் யார் என்று பார்த்தால் போதும். ஜார்ஜியாவின் 2008 சட்டப்படி இது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி. ப்சோ வழியாக நுழையும் வெளிநாட்டவர் குற்றவாளி. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஜனவரி தீர்ப்பில், 2008 ஆகஸ்ட் 12க்குப் பிறகு இங்கே உண்மையான கட்டுப்பாடு ரஷ்யாவுடையது என்றது. சுகுமி இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

பேச்சுவார்த்தை 2008 அக்டோபர் முதல் ஜெனீவாவில் நடக்கிறது. ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு மூன்றும் தலைமை. பெயர்ப்பலகை, கொடித் தகராறு வராமலிருக்க, பணிக்குழுவில் எல்லோரும் தனிநபர்களாகத்தான் உட்காருகிறார்கள். வீடிழந்தவர்கள் திரும்புவது பற்றி ஐ.நா. பொதுச்சபையில் ஜார்ஜியா வருடாவருடம் தீர்மானம் கொண்டுவருகிறது, வருடாவருடம் நிறைவேறுகிறது. அதைக் காரணம் காட்டி, ஜெனீவாவில் அந்தப் பேச்சு எடுத்ததும் அப்காஸ், ஒசேத்திய, ரஷ்யத் தரப்பினர் எழுந்து வெளியே போவார்கள். அடுத்த சுற்றுக்கு வந்துவிடுவார்கள்.